படத்துக்கு விலை உண்டு, பாட்டுக்கு?

வங்காளத்தின் பட்டுவாக்கள் சுருள் ஓவியத்தைப் பிரித்துக் கதை பாடுகிறவர்கள். கொல்கத்தா அவர்களது ஓவியத்தை விரும்பி வாங்குகிறது. பாட்டைக் கேட்கத்தான் ஆளில்லை.

கொல்கத்தாவின் குளிர்காலக் கைவினைச் சந்தைகளில் இந்தக் காட்சி சகஜம். பிரம்புக் கூடைக்கும் களிமண் பொம்மைக்கும் நடுவே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையில் நீளமான காகிதச் சுருள். யாராவது நின்று பார்த்தால் அதை மெல்லப் பிரிக்கிறார். முதல் கட்டத்தில் பாம்புகளை அணிந்த மானசா தேவி. சுட்டுவிரல் படத்தைத் தொட்டதும் பாட்டு ஆரம்பமாகிறது. கட்டம் கட்டமாகச் சுருள் இறங்க இறங்க, கதையும் நகர்கிறது. வணிகன் சாந்த் சௌதாகர் மானசாவை வணங்க மறுக்கிறான். அவன் மகன் லக்கிந்தர் முதலிரவில், இரும்பு அறைக்குள்ளேயே பாம்பு தீண்டிச் சாகிறான். புது மனைவி பெஹுலா, கணவனின் பிணத்தோடு தெப்பத்தில் ஏறி, உயிரை மீட்டுவரத் தேவலோகம் நோக்கி ஆற்றில் மிதந்து போகிறாள். அவள் போய்ச் சேருவதற்குள் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிடுகிறார்: “என்ன விலை?”

பாட்டு நிற்கிறது. பேரம் தொடங்குகிறது. பட்டுவாக்களின் இன்றைய நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில், பிங்களா பகுதியில் இருக்கிறது நயா கிராமம். கொல்கத்தாவிலிருந்து சுமார் 130 கி.மீ. ஹௌராவில் ரயில் ஏறி பாலிசக் நிலையத்தில் இறங்கி, பிறகு சாலை வழியாகப் போக வேண்டும். இங்கே வசிக்கும் பட்டுவாக்கள் அத்தனை பேரின் பெயருக்குப் பின்னாலும் ‘சித்ரகர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓவியர் என்று பொருள். ஆனால் ஓவியர் என்பது பாதி உண்மைதான். இவர்கள் பரம்பரையாகக் கதை சொல்கிறவர்கள். படம் வரைந்து, அதற்குப் பாட்டுக் கட்டி, ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் பிரித்துப் பாடி, கிடைக்கும் அரிசியையும் காசையும் பழைய துணியையும் வாங்கிவந்து வாழ்ந்தவர்கள். சுருளின் முதுகில் ஒட்டப்படுவது பெரும்பாலும் பழைய சேலைத் துணிதான். அது இல்லாவிட்டால் காகிதம் தினசரி சுருட்டலைத் தாங்காது.

சுருளுக்கு வங்காளத்தில் ‘பட்’ என்று பெயர். துணி என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் சொல்லும் ‘படம்’ அதன் உடன்பிறப்பு. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பட்டுவாக்கள் பட் ‘வரைகிறோம்’ என்று சொல்வதில்லை, ‘எழுதுகிறோம்’ என்பார்கள். பழந்தமிழிலும் ஓவியம் எழுதப்பட்டதுதான். படம் என்பது கண்ணுக்கு மட்டுமல்ல, வாய்விட்டுப் படிப்பதற்கும் உரியது என்ற நினைப்பு இந்தச் சொல்லில் பத்திரமாக இருக்கிறது.

வண்ணங்களை வீட்டிலேயே தயாரிப்பார்கள். விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, மஞ்சளிலிருந்து மஞ்சள், சங்குப்பூவிலிருந்து நீலம், அவரை இலையிலிருந்து பச்சை. வண்ணம் காகிதத்தில் பிடிக்க வில்வக்காயின் பிசின். பாட்டின் கடைசி அடியில் பாடுகிறவர் தன் பெயரையும் ஊரையும் வைத்துப் பாடி முடிப்பார்.

ராமாயணம், கிருஷ்ண லீலை, மானசா, சண்டி என்று பாடும் இந்தச் சித்ரகர்கள் இஸ்லாமியர்கள். தொழுகையும் நோன்பும் உண்டு, துர்க்கையைப் பாடுவதும் உண்டு. காசி பீரின் வீரக் கதையும் இவர்கள் சுருளில் இருக்கிறது. பலருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இந்து வீடுகளில் ஒன்று, சொந்தச் சமூகத்தில் இன்னொன்று. சித்திரக்காரர்கள் விசுவகர்மாவின் பிள்ளைகள் என்றும், மரபு மீறிப் படம் எழுதியதால் சபிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டவர்கள் என்றும் பிரம்மவைவர்த்த புராணம் சொல்கிறது. இரண்டு பக்கமும் முழுதாகத் தங்களவர் என்று ஏற்காத ஒரு சமூகம், இரண்டு பக்கத்துக் கதைகளையும் நூற்றாண்டுகளாகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

படம் காட்டிக் கதை சொல்லும் தொழில் மிகப் பழையது. விசாகதத்தரின் ‘முத்ராராட்சசம்’ நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் எமனின் படச்சுருளைக் கையில் ஏந்திக்கொண்டுதான் வீடு வீடாக நுழைகிறான். ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ‘ஹர்ஷசரித’த்தில், நோயுற்ற தந்தையைப் பார்க்க விரையும் ஹர்ஷன் கடைத்தெருவில் எமபடம் காட்டுகிறவனைக் காண்கிறான், சுற்றிலும் சிறுவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இன்றும் பட்டுவாக்களின் பல சுருள்கள் எமன் சபையில்தான் முடிகின்றன. பாவம் செய்தவனுக்கு என்ன தண்டனை என்று பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் கலைய வேண்டும்.

கல்கத்தாவுக்கு இன்னொரு கதைமரபும் இருந்தது. அதற்குக் ‘கதகதா’ என்று பெயர். நம் ஊர்க் காலட்சேபத்தின் வங்க உறவினர் என்று சொல்லலாம். பணக்கார வீட்டு முற்றத்தில் மேடை போட்டு, கதக் என்ற பௌராணிகர் மாலை நேரங்களில் பாகவதமும் ராமாயணமும் பாரதமும் சொல்வார். நடுநடுவே பாட்டு. விடியல், நள்ளிரவு, காடு, நகரம் என்று ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமான வர்ணனைகள் அவர் வசம் தயாராக இருக்கும். எழுத்தறியாதவர்களுக்கும் இலக்கியத்தைக் கொண்டுசேர்த்த இந்தக் கலை ஆங்கிலப் படிப்பு வந்தபின் தேய்ந்துபோவதைப் பற்றி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பங்கிம் சந்திரர் ‘லோகசிக்ஷா’ என்ற கட்டுரையில் வருந்தி எழுதினார். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் நடுவே பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது என்பது அவரது குறை.

கதகதா தேய்ந்துபோனது. படம் காட்டிப் பாடுவோருக்கு நகரத்தில் நேர்ந்தது வேறு விதமான மாற்றம்.

காளிகாட்டில் இன்றைய காளி கோயில் 1809-ல் கட்டி முடிந்தது. யாத்திரிகர்கள் குவிந்தார்கள். கிராமங்களிலிருந்து பட்டுவாக்களும் வந்து கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். ஆனால் கோயில் வாசலில் அவசரமாகப் போகும் கூட்டத்துக்கு நீளச் சுருளைப் பிரித்துப் பாடிக்கொண்டிருக்க முடியவில்லை. எனவே சுருள் ஒற்றைத் தாளாகச் சுருங்கியது. மலிவான ஆலைக் காகிதத்தில், வேகமான தூரிகை வீச்சில், சில பைசாக்களுக்கு விற்கும் படங்கள் பிறந்தன. காளி, சிவன், ராமன் மட்டுமல்ல, குடுமியைச் சுருட்டி வாரிய பாபுவும், அவரைச் செருப்பால் அடிக்கும் பெண்ணும், எலும்பைப் போல மீனைக் கவ்விய பூனைச் சாமியாரும் வந்தார்கள். 1873-ல், தாரகேஸ்வரம் கோயில் மடாதிபதியோடு தொடர்பு என்று மனைவி ஏலோகேசியை நபீன் என்ற அரசு ஊழியர் கொன்ற வழக்கு கல்கத்தாவை உலுக்கியபோது, காளிகாட் ஓவியர்கள் அதைக் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள். அன்றைய செய்திப் பத்திரிகை மாதிரி.

கலை வரலாற்றாசிரியர்கள் காளிகாட் ஓவியத்தைப் புகழ்வதில் தவறில்லை. ஜாமினி ராய்க்குத் தூண்டுகோலாக இருந்தது அது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்று 600-க்கும் மேற்பட்ட காளிகாட் ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் புகழுக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் மறைந்துபோகிறது. காளிகாட்டில் பாட்டு கிடையாது. ஓவியர்கள் நகரத்துக்கு வந்து, படத்தை வைத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டார்கள்.

அதற்கான விலையை அவர்கள் சீக்கிரமே கொடுக்க நேர்ந்தது. பாட்டில்லாத படத்தை அச்சு இயந்திரமும் செய்யும், அதைவிட மலிவாகவும் பளபளப்பாகவும் செய்யும். ஜெர்மனியிலிருந்து வந்த வண்ண அச்சுப் படங்களும் உள்ளூர்க் கல்லச்சுப் படங்களும் சந்தையை நிறைத்தன. 1930-களுக்குள் காளிகாட் ஓவியம் தொழிலாக முடிந்துவிட்டது. அந்தப் பகுதிக்குப் பட்டுவாபாடா என்ற பெயர் மட்டும் இருக்கிறது. இப்போது அங்கே செய்யப்படுவது களிமண் சிலைகள்.

பாட்டின் அருமையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் குருசதய் தத். ஐ.சி.எஸ். அதிகாரியான அவர், மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகிப் போன இடமெல்லாம் சுருள்களைச் சேகரித்தார். அத்தோடு நிற்காமல் பட்டுவாக்களைப் பாடச் சொல்லிப் பாட்டுகளையும் எழுதிக்கொண்டார். அவை ‘பட்டுவா சங்கீத்’ என்ற பெயரில் 1939-ல் கல்கத்தா பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. 1941-ல் அவர் மறைந்தார். அவரது சேகரிப்பு நகரின் தெற்குக் கோடியில் ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குக் கிடைத்துவந்த மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிதி 2017-ல் நின்றுபோய், ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்த செய்தி பத்திரிகைகளில் வந்தது.

நயா கிராமத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தெரியும். இருபது ஆண்டுகளில் அங்கே வசதி கூடியிருக்கிறது. முன்பு வெளியே போய்ப் பாடுவது ஆண்களின் வேலை. மூத்த கலைஞர் துக்குஷ்யாம் சித்ரகர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பெண்களுக்குப் படமும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். இன்று நயாவின் புகழ்பெற்ற பெயர்களில் பல பெண்களுடையவை. கொல்கத்தாவைச் சேர்ந்த ‘பங்களாநாடக் டாட் காம்’ என்ற அமைப்பின் முயற்சியில் 2010 முதல் அங்கே ‘பட் மாயா’ என்ற திருவிழா நடக்கிறது. நகரவாசிகள் கிராமத்துக்கே போகிறார்கள். வீட்டுச் சுவர்களில் ஓவியம், திண்ணைகளில் விற்பனை. 2018-ல் வங்காளப் படச்சித்திரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கதைகளும் பழைய இடத்திலேயே நிற்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு, மரம் நடுதல், எய்ட்ஸ் என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் கேட்டதற்கெல்லாம் பட் எழுதினார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரம் 2001-ல் இடிந்ததும் சுருளில் ஏறியது. டைட்டானிக் கப்பலும் மூழ்கியது. கொரோனா பரவிய 2020-ல் ஸ்வர்ணா சித்ரகர் அதற்கு ஒரு பட்டும் பாட்டும் கட்டினார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2004-ல் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கடல் விழுங்கியபோது, அந்தத் துயரம் கடலோரத்தைப் பார்த்திராத மேதினிபூர்க் கிராமத்தில் பாட்டாகியது. மொய்னா, ஜொய்தேவ் சித்ரகர் தம்பதியின் சுனாமிச் சுருளைச் சென்னையின் தாரா பதிப்பகம் மடித்து விரிக்கும் நூலாகவே 2009-ல் வெளியிட்டது. மொய்னாவின் ஓவியங்களுடன் வந்த ‘சீதையின் ராமாயணம்’, மனு சித்ரகர் வரைந்த மார்ட்டின் லூதர் கிங் வரலாறு இரண்டும் அதே பதிப்பகத்தின் வழியாகத்தான் வெளிநாடுகளுக்குப் போயின.

இவ்வளவு வளர்ச்சியிலும் நெருடுவது ஒன்றுதான். வாங்குகிறவர்களுக்கு வேண்டியது சுவரில் மாட்டும் படம். பத்துக் கட்டச் சுருளை மாட்ட அடுக்குமாடி வீட்டுச் சுவரில் இடமில்லை. எனவே ஒற்றைக் கட்டம் விற்கிறது. குடையிலும் கெட்டிலிலும் சட்டையிலும் துப்பட்டாவிலும் வண்ண மீன்களும் மரங்களும் விற்கின்றன. சட்டையில் எழுதிய மீனுக்குப் பாட்டு தேவையில்லை. ஆனால் அந்த மீன் ஒரு கதையிலிருந்து வந்தது. மீன் கல்யாணத்துக்கு ஆற்று மீன்களெல்லாம் ஊர்வலமாக வருகின்றன, கடைசியில் ஒரு பெரிய மீன் கல்யாணக் கூட்டத்தையே விழுங்கிவிடுகிறது. யார் அந்தப் பெரிய மீன் என்பதைக் கேட்பவர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள். பாட்டு போனால் அந்தக் கேலியும் போய்விடும். மிஞ்சுவது அலங்காரம்.

வருமானக் கணக்கு இளையவர்களைப் படத்தின் பக்கமே இழுக்கிறது. ஒரு நீண்ட பாட்டை மனப்பாடம் செய்யச் செலவாகும் நாட்களில் பல சட்டைகளுக்கு வண்ணம் தீட்டலாம். புவிசார் குறியீடும் பொருளுக்குத்தான் காவல், குரலுக்கு அல்ல. பாட்டுக்குக் கூலி கொடுக்க முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநில அரசு 2014-ல் தொடங்கிய ‘லோகபிரசார்’ திட்டம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் நிகழ்ச்சிக்குத் தனிக் கட்டணமும் அறிவித்தது. ஆனால் அரசு மேடைகளில் அதிகம் ஒலிப்பது அரசுத் திட்டங்களின் பெருமை. பெஹுலாவின் தெப்பம் அங்கேயும் கரை சேர்வதில்லை.

நகரத்துக்குக் காது இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மகாளய அமாவாசை விடியலில், வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலில் துர்க்கையின் கதையை வானொலியில் கேட்காமல் கொல்கத்தாவுக்கு பூஜை தொடங்காது. 1930-களிலிருந்து தொடரும் பழக்கம் இது. 1976-ல் அந்தக் குரலுக்குப் பதிலாகத் திரை நட்சத்திரம் உத்தம் குமாரை வைத்து வானொலி வேறு நிகழ்ச்சி ஒலிபரப்பியபோது நகரமே கொதித்தது. பழைய குரல் திரும்பி வந்தது. சித்பூர் சாலை ஜாத்திரைக் கம்பெனிகள் ரதயாத்திரை நாளன்று புதுப் பருவத்துக்கு முன்பதிவு தொடங்கும் வழக்கமும் உண்டு. 2009-ல் தனியார் வானொலியில் ஆரம்பித்த ‘சண்டே சஸ்பென்ஸ்’ கதைகளுக்கு இளைஞர்கள் காத்துக் கிடந்தார்கள். வங்காளிக்குக் கதை கேட்கும் ஆசை வற்றிவிடவில்லை. அது பட்டுவாவின் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவே.

திரும்புவதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவைப்படாது. சந்தையில் விற்பனைக் கூடத்துக்குப் பக்கத்தில் நேரம் குறித்த ஒரு பாட்டு மேடை, அதற்குத் தனிக் கூலி, பள்ளிகளில் படம் வரையும் பயிற்சியோடு பாட்டுக்கும் ஒரு மணி நேரம், விற்கும் சுருளோடு அதன் பாட்டின் பதிவு. காளிகாட் பட்டுவாக்களுக்கு இப்படி யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. நயாவில் முழுக் கதையையும் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் சில நிமிடம் பொறுத்தால் போதும்.