கம்பி அறுந்தாலும் பேசும் ரேடியோ!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடல் பொங்கிக் கரை ஏறியது. "சுனாமி" என்ற சொல்லையே அன்றுதான் பலர் கேட்டார்கள்.

அதற்கு முன்பே அந்தமான் தீவு குலுங்கிவிட்டது. அங்கே டெலிபோன்கள் ஊமையாகின. தீவில் இருப்பவர்கள் பிழைத்தார்களா? உறவினர்கள் தவித்தார்கள்.

அப்போது போர்ட் பிளேரில் இருந்து ஒரு பெண்ணின் குரல் ரேடியோவில் ஒலித்தது!

அவர் பெயர் பாரதி பிரசாத். உலகெங்கும் உள்ள ரேடியோ நண்பர்களுடன் பேசி மகிழ, தன் குழுவோடு அங்கே போயிருந்தார். சுனாமி வந்ததும் பொழுதுபோக்கு தொண்டாக மாறியது. தீவில் சிக்கியவர்களைப் பற்றிய செய்திகளை அவர் வெளியே அனுப்பினார்.

யார் இவர்கள்?

இவர்களுக்கு "ஹாம்" என்று பெயர். சொந்த ரேடியோவில் கேட்பதோடு, பேசவும் செய்வார்கள். இதற்குக் காசு வாங்கக்கூடாது. அரசாங்கத் தேர்வில் தேறி, லைசென்சு பெறவேண்டும். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம்.

கூடாரத்தில் போட்டி

அமெரிக்காவில் 1933-ம் ஆண்டு முதல் இவர்கள் ஒரு போட்டி நடத்துகிறார்கள். ஜூன் மாதம் 4-வது சனி, ஞாயிறுகளில் அது நடக்கும்.

வீட்டை விட்டுத் திறந்த வெளிக்கு வருவார்கள். கூடாரம் அடிப்பார்கள். மரத்துக்கு மரம் கம்பி கட்டுவார்கள். பாட்டரியோ, ஜெனரேட்டரோதான் மின்சாரம் தரும். 24 மணி நேரத்தில் யார் அதிகம் பேருடன் தொடர்பு கொள்கிறார்கள் என்பதே போட்டி!

இது விளையாட்டா? ஆம். ஆனால் ஆபத்துக் காலத்துக்கு ஒத்திகையும் இதுதான். மழையில் கம்பி கட்டிப் பழகிய கை, புயலில் தடுமாறாது.

சென்னையின் பெருமை

சென்னைக்கும் இந்த ஆர்வம் பழையது. 1924-ம் ஆண்டிலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கு ஒரு ரேடியோ சங்கம் தொடங்கினார். அது முதலில் ஒலிபரப்பிய கருவியின் சக்தி வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்பு எரியும் அளவுதான்! பண நெருக்கடியால் 1927-ல் ஒலிபரப்பு நின்றது. பிறகு சங்கத்தின் கருவி சென்னை மாநகராட்சிக்குச் சென்றது. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது.

நமக்கும் தேவை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல்தான் வாசல். 2016 டிசம்பர் 12-ந்தேதி "வர்தா" புயல் வந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. கையில் செல்போன் இருந்தும் பலரால் பேசமுடியவில்லை.

அத்தகைய நாளில் ஒரு கம்பியும், ஒரு பாட்டரியும், பழகிய ஓர் ஆளும் இருந்தால் போதும். கடலுக்குப் போனவர்களைப் பற்றி நல்ல சேதி வந்து சேரும்.

திருவொற்றியூர்க் கடற்கரையில் நம் பிள்ளைகளும் ஒருநாள் கூடாரம் அடித்துப் பழகட்டுமே!