அம்மாவின் மேசைக்கரண்டி

விரதமில்லா நாளில் நாலுபேர் கூடி உண்ணும்போது, சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் கத்தரிக்காய் மோஜு இருந்தால் மற்றக் கறிகள் பின்தள்ளப்பட்டுவிடும். சிங்கள அயலவர் இதனை வம்பட்டு மோஜு என்பர். முதல்நாளே செய்து வைத்துவிடலாம். செய்தன்றைவிட மறுநாள்தான் ருசி. வேலைக்கும் போய், மாலையில் விருந்தினரையும் வரவேற்கும் எம்போன்ற பெண்களுக்கு இது பெரும் உதவியல்லவா?

நான் 1984 இல் சிட்னிக்கு வந்தேன். அடுத்த ஆண்டு ஹெலன்ஸ்பேர்க் வேங்கடேசுவரர் ஆலயம் கும்பாபிஷேகம் கண்டது. மற்றைய நாட்களில் வாடகை மண்டபங்களில் கூடி வழிபட்டு, வீட்டுக்கு ஒரு கறியாகக் கொண்டுபோய்ப் பகிர்ந்துண்போம். என் முறை வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு எழுதினேன். நீல நிற வான்கடிதத்தின் ஓரமெல்லாம் நிரப்பிப் பதில் வந்தது: கத்தரிக்காய் ஒரு கிலோ, வினாகிரி எட்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மேசைக்கரண்டி.

அப்படியே செய்தேன். வாயில் வைக்க முடியவில்லை; அத்தனை உப்பு, அத்தனை புளிப்பு. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்து எழுதிவிட்டா என்று நினைத்தேன். பின்னர் போர் தீவிரமடைந்து கடிதங்களும் அரிதாயின. அந்தக் கறியை நான் மீண்டும் தொடவேயில்லை.

அம்மா 1996 இல் எங்களிடம் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் தன் சமையல் கரண்டியும் கொண்டுவந்தா. கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "எல்லாம் சரிதானே பிள்ளை, உன்ரை கரண்டியை எடு பாப்பம்" என்றா. தேக்கரண்டியால் தண்ணீர் அள்ளி வார்த்தோம். அம்மாவின் கரண்டி மூன்றில் நிறைந்தது. கடையில் நான் வாங்கிய அளவுக்கரண்டி நான்கு கொண்டது!

உண்மை இதுதான். பெரும்பாலான நாடுகளில் மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. எட்டுக் கரண்டி வினாகிரி 120 ஆக இருக்கவேண்டியது 160 ஆகிவிட்டது; உப்பும் அவ்வாறே மூன்றிலொரு பங்கு கூடிவிட்டது. அம்மா மறக்கவில்லை. பதினொரு வருடம் அவவைத் தவறாக நினைத்தவள் நான்தான்.

இன்று அம்மா இல்லை. மெல்பேணிலிருக்கும் என் மகள் இந்தச் செய்முறையைக் கேட்கிறாள். அவளுக்கும் உங்களுக்குமாக, கரண்டியை நம்பாமல் மில்லிலீற்றரில் தருகிறேன்.

தேவையான பொருட்கள்: கத்தரிக்காய் 1 கிலோ, சின்ன வெங்காயம் 250 கிராம், பச்சை மிளகாய் 10, வினாகிரி 120 மில்லிலீற்றர், உப்பு 15 மில்லிலீற்றர், கடுகு 15 மில்லிலீற்றர், சீனி 30 மில்லிலீற்றர், மிளகாய்த்தூள் 5 மில்லிலீற்றர், மஞ்சள் 5 மில்லிலீற்றர், உள்ளி 6 பல்லு, இஞ்சி ஒரு துண்டு, பொரிக்க எண்ணெய்.

செய்முறை: கத்தரிக்காயை விரலளவு நீளத் துண்டுகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி அரைமணி நேரம் வையுங்கள். ஊறிய நீரைப் பிழிந்துவிட்டு, தாச்சியில் சிறிது சிறிதாகப் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்து எண்ணெயை வடியவிடுங்கள். முழு வெங்காயத்தையும், வெடிக்காதபடி கீறிய மிளகாயையும் தனியே வதக்குங்கள். கடுகு, உள்ளி, இஞ்சியைச் சிறிது வினாகிரி விட்டு அரையுங்கள். மீதி வினாகிரியில் சீனியும் மிளகாய்த்தூளும் இட்டுக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு தணிந்தபின் அரைத்த கூட்டைச் சேருங்கள். கொதிக்கையில் சேர்த்தால் கடுகின் உறைப்புப் போய்விடும். கடைசியில் எல்லாவற்றையும் பிரட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊரில் போத்தலில் இட்டு அலுமாரித் தட்டில் வைத்தோம். அதை இங்கே செய்யவேண்டாம். உள்ளியும் மரக்கறியும் எண்ணெயில் மூடி வெளியே கிடந்தால் நச்சுக் கிருமி வளர இடமுண்டு. மணத்திலோ ருசியிலோ அது தெரியாது. ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் 5 பாகைக்குக் கீழே வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உள்ளி, வெங்காயம் சேர்க்காத அன்பர்கள் அவற்றை விட்டு, இஞ்சியைச் சற்றுக் கூட்டிச் செய்யலாம்.

இன்னுமொரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் முதியவர் எவரேனும் இருந்தால், அவர் கைப்பட எழுதும் அளவோடு அவர் பாவிக்கும் கரண்டியையும் பேணியையும் இன்றே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.