பி.எஸ்சி. இயற்பியல்: வழிசொல்ல யார் இருக்கிறார்கள்?

1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப்போய்ப் பார்த்தார். அந்த நூலில் உள்ள குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சோமர்ஃபெல்டு அவரிடம் சொன்னார். சொன்னதோடு விடாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி, இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தானே படித்து அந்த மாணவர் எழுதிய கட்டுரை, அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-ல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர்.

திறமையும் உழைப்பும் அவருடையவை. ஆனால் எதைப் படிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போக வேண்டும் என்று உரிய நேரத்தில் சொல்ல ஒருவர் கிடைத்தார். இன்று நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியலும் வேதியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் ‘டியூட்டர்-வார்டு’ முறை உண்டு. இத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஆளுக்கொரு பக்கமாக நோட்டும் இருக்கும். அப்பா பெயர், என்ன தொழில், செல்பேசி எண், பஸ்ஸா ஹாஸ்டலா, வருகைப்பதிவு 75 சதவீதத்தைத் தொட்டதா, இன்டர்னல் மதிப்பெண், அரியர் எத்தனை, கடைசியில் மாணவர் கையெழுத்து, ஆசிரியர் கையெழுத்து. கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது காட்ட இது போதும். ‘அடுத்து என்ன செய்யப்போகிறாய்?’ என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது. வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு, அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கப்போவதும் இல்லை.

கேட்கத் தாமதமானால் என்ன நஷ்டம் என்பதை நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் தெரியும். பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தவர்களுக்கான ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதற்கு முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை மூலம், ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து வேலை பார்க்கலாம். பி.எஸ்சி. இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்கலாம், வழக்கமாக நவம்பரோடு முடிந்துவிடும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வு. மூன்றாமாண்டுத் தொடக்கத்தில் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இதே தேர்வுதான் வாசல். ஆறாவது செமஸ்டரில் பிராக்டிகல் முடிந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கிய பிறகு “சார், மேல என்ன படிக்கலாம்?” என்று வந்து நிற்கிற மாணவருக்கு இவை எல்லாமே கடந்துபோயிருக்கும்.

தகவல் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. ஜாம் தேர்வின் பாடத்திட்டத்தில் பி.எஸ்சி.யில் இல்லாதது அதிகம் இல்லை. கேட்கிற விதம்தான் வேறு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். அவற்றில் 20 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகளே தரப்படுவதில்லை. கணக்கிட்டு வரும் எண்ணை நாமே உள்ளிட வேண்டும். நம் செமஸ்டர் தேர்வோ பெரும்பாலும் நிறுவல்களை மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். செங்குத்தாக நிற்கும் வட்ட வளையம், அதில் வழுக்கி ஓடக்கூடிய ஒரு மணி. வளையத்தை அதன் செங்குத்து விட்டத்தை அச்சாகக் கொண்டு சுழற்றுகிறோம். மணி எங்கே நிற்கும்? லெக்ராஞ்சியன் சமன்பாட்டை மளமளவென்று எழுதிவிடுகிற மாணவர்கூட, “மெதுவாகச் சுற்றினால் என்ன ஆகும்?” என்று கேட்டதும் பேனாவை வைத்துவிடுவார். மெதுவாகச் சுற்றும்வரை மணி அடியிலேயே கிடக்கும். கோணவேகத்தின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தை வளையத்தின் ஆரத்தால் வகுத்த அளவைத் தாண்டினால்தான் அது பக்கவாட்டில் ஏறி நிற்கும். விடை சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சமன்பாட்டிடம் கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, “ஏன்?” என்று ஒருவரை ஒருவர் குடைந்தால் வரும்.

1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மேன் கண்டதும் இதுவே. கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள். ஊக்கம் போதாது, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, வருமானம் குறைவு என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மேன் மாணவர்களோடே இருந்து, அவர்கள் படிப்பதைப் பார்த்தார். ஒரு காரணமும் பொருந்தவில்லை. அவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் மாலையில் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்து, தங்களுக்குள்ளேயே தேர்வு வைத்துக்கொண்டார்கள். தோற்றவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போடவைத்தார் ட்ரைஸ்மேன். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

நம் கல்லூரிகளில் ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஒரு பட்டியல் எடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பழைய வினாத்தாளைத் திரும்ப எழுதவைக்கிறோம். அந்தப் பட்டியலில் பெயர் வந்த கூச்சமே ஒரு மாணவியை வாய்திறக்க விடாது. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, அலைடு மேத்ஸை ஆங்கிலத்தில் எதிர்கொண்டு முதல் செமஸ்டரில் தடுமாறுகிற பிள்ளை மெதுவாகக் கற்பவர் அல்ல. அவளுக்கு வேண்டியது கணக்கைத் தமிழில் பேசி, விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழக ஒரு கூட்டம். மாலை பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம், ஒரு காலி வகுப்பறை, இரண்டு சீனியர்கள் இருந்தால் போதும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியாகச் செல்பேசியில் பார்த்தால் பாதியில் நின்றுபோகும்; சேர்ந்து பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினால் முடியும்.

வீட்டோடும் பேச வேண்டும். “பிசிக்ஸ் படிச்சு என்ன வேலைக்குப் போவா?” என்று கேட்கும் அப்பாவுக்கு அறிவியலின் பெருமை பதில் ஆகாது; கணக்குதான் பதில். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. இது பல பெற்றோருக்குத் தெரியாது. படிக்கப் படிக்கச் செலவு என்றே நினைத்திருக்கிறார்கள். பி.எட். முடித்து ஆசிரியை ஆக விரும்பும் மாணவிக்கு, முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் வேண்டும் என்பதை முதலாண்டிலேயே சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குப் போவதுதான் உயர்ந்தது என்று ஆசிரியர் பேசக் கூடாது. கிராமத்துப் பள்ளியில் நல்ல இயற்பியல் ஆசிரியை ஒருவர் இருந்தால் எத்தனை பிள்ளைகள் அறிவியலுக்கு வருவார்கள்!

மனம் நொந்து ஒதுங்கும் பிள்ளையையும் முதலில் கவனிக்கக்கூடியவர் டியூட்டர்தான். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் அந்த டியூட்டர் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், தமிழிலேயே பேசலாம்.

இதற்கெல்லாம் புது அரசாணை தேவையில்லை. இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகையில் ஜூன் மாதமே அந்த ஆண்டின் விண்ணப்ப மாதங்களை எழுதிவைக்கலாம். ஜாம் தேர்வில் தேறிப்போன பழைய மாணவர்கள் பல துறைகளில் ஓரிருவராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரை ஒரு சனிக்கிழமை வரவழைத்து இரண்டாமாண்டு மாணவர்களோடு உட்காரவைக்கலாம். ஜாம் தேர்வுக் கட்டணம் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் பாதிதான். அந்தப் பாதியையும் கட்டமுடியாமல் விண்ணப்பத்தை விட்டுவிடுகிற பிள்ளைகளுக்காக முன்னாள் மாணவர் சங்கம் செப்டம்பருக்குள் ஒரு தொகையை ஒதுக்கிவிடலாம். யாருக்கு அது வேண்டும் என்பது டியூட்டருக்குத் தெரியும்.