உங்களுக்குத் தெரியுமா? ஒரு பறவை வழக்கில் பிறந்த உரிமை

பருவநிலை மாற்றத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அதன் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை நமக்கு உண்டு என்று 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் தரும் சமத்துவ உரிமைக்கும் வாழும் உரிமைக்கும் உள்ளேயே அது அடங்கியிருக்கிறதாம்.

இத்தனைக்கும் வழக்கு கானமயிலைப் பற்றியது. ராஜஸ்தான், குஜராத் புல்வெளிகளில் மிகச் சொற்பமாக எஞ்சியிருக்கும் பறவை அது. கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாத கண்கள். மின்கம்பி அருகில் வந்த பிறகுதான் புலப்படும். அதற்குள் சட்டென்று விலக முடியாமல் மோதிச் செத்துப்போகும். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 99,000 சதுர கி.மீ. பரப்பில் மேலே ஓடும் மின்கம்பிகளுக்கு 2021இல் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்து, இயன்ற இடங்களில் அவற்றை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது.

அதே நிலத்தில்தான் நாட்டின் பெரிய சூரிய மின் திட்டங்களும் இருக்கின்றன. உயர் அழுத்தக் கம்பிகளையெல்லாம் மண்ணுக்கடியில் புதைப்பது நடக்காத காரியம் என்று மத்திய அரசு முறையிட்டது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு பழைய ஆணையைத் தளர்த்தி, எங்கே புதைக்கலாம் என்று ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. அந்தத் தீர்ப்பில்தான் இந்தப் புதிய உரிமை இடம்பெற்றது. மனிதருக்கு உரிமை கிடைத்த அன்று, கானமயிலுக்கு இருந்த காவல் கொஞ்சம் குறைந்தது!