தலையாட்டினால் புரிந்துவிட்டதா?

புதுச்சேரி மூலக்குளத்தில் உங்கள் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் ஒன்றரை லட்சம் என்று சொல்லி, ஒரு தாளில் 1,50,000 என்று எழுதியும் காட்டுகிறீர்கள். நம் கண்ணுக்கு இதில் குழப்பமே இல்லை. அவருக்கோ லட்சம் என்றொரு கணக்கே கிடையாது. இதே தொகையை அவர் 150 000 என்று நடுவில் இடம் விட்டு எழுதுவார். கமா அவர்கள் நாட்டில் தசமப் புள்ளி. போதாக்குறைக்கு அவர் கையால் எழுதும் 1-க்கு நீண்ட மூக்கு உண்டு; அவசரத்தில் நாம் அதை 7 என்று படித்துவிடுவோம். (அவர்களுடைய 7-க்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும்.) ஆகவே பணம், தேதி, நேரம் மூன்றையும் வாயால் சொல்லி, எழுதிக் காட்டி, அவர் கையாலும் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது தலை. பக்கவாட்டில் நாம் தலையசைத்தால் ‘சரி’. வெளிநாட்டுக்காரர் பலருக்கு அது ‘இல்லை’ போலத் தெரியும். இதையாவது இரண்டு நாளில் பழகிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே மறுக்கக் கூசி ‘பார்க்கலாம்’ என்கிறோமே, அதைத்தான் அவர்கள் நம்பிக் காத்திருப்பார்கள். முடியாது என்றால் முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவதே மரியாதை.

இதே புதுச்சேரியில் புரியாமை ஓர் உயிரையே வாங்கியிருக்கிறது. 1716-ல், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நயினியப்பப் பிள்ளையை ஆளுநர் எபேர் கைது செய்தார். பிள்ளைக்குத் தமிழும் போர்த்துகீசியமும் தெரியும். அன்றைய கடற்கரை வணிகத்தின் பொதுமொழியே போர்த்துகீசியம்தான். வெள்ளைக்காரர்களோடு அவர் பேசிவந்ததும் அதில்தான். விசாரணையோ அவருக்குத் தெரியாத பிரெஞ்சில் நடந்தது. சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துகீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் சேசு சபையாரின் உபதேசியார் மகன். சேசு சபையாருக்கும் பிள்ளைக்கும் ஆகாது. தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டதாகச் சாட்சிகள் பிறகு சொன்னார்கள். கசையடியும் சிறையும் விதிக்கப்பட்ட பிள்ளை 1717-ல் சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு ரத்தானது அதற்குப் பின்புதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொண்டாடும் நாம், அவருடைய இந்த உறவினரை ஏனோ அவ்வளவாக நினைப்பதில்லை.

விசாரித்தவர்களுக்கும் நயினியப்பப் பிள்ளைக்கும் பொதுவான மொழி இருந்தும் அதை ஒதுக்கியது அறியாமை அல்ல, அதிகாரம். வீட்டுக்காரர், மருத்துவர், அலுவலர் என யார் கை ஓங்கியிருக்கிறதோ, அவர்தான் இறங்கிவந்து பொதுமொழியைத் தேடவேண்டும். அது இருவருக்கும் அரைகுறையான ஆங்கிலமாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஒருவர் மொழிபெயர்த்தால், இந்தப் பேச்சில் அவருக்கு ஆதாயம் ஏதும் உண்டா என்று பாருங்கள். வீட்டுத் தரகரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது ஆபத்து. ஒரு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல், யாரிடம் பேசுகிறீர்களோ அவர் முகத்தைப் பாருங்கள்.

‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாதவரும் ஆமாம் என்றுதான் சொல்வார். ‘மாதம் எத்தனையாம் தேதிக்குள் வாடகை தருவீர்கள்? காலி செய்வதென்றால் எப்போது சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் வாயிலிருந்தே பதிலை வாங்குங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.