பம்பு வைத்த கிருமி

வள்ளூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அனல்மின் நிலையத்துப் பக்கம் பைக்கில் போனாலே கண்ணில் சாம்பல் விழுகிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கி இரண்டு நாள் விட்டால் சரியாகிவிடுகிறது. இதில் என்ன தப்பு?"

சாம்பல் கிருமியல்ல, நல்ல தண்ணீரில் கழுவினாலே போய்விடும். மெட்ராஸ் ஐயும் பெரும்பாலும் வைரஸ் வேலைதான், தானே அடங்கும். பேரைத் தட்டிக்கொண்டு போவது சொட்டு மருந்து.

நிஜமாகவே பயப்பட வேண்டியது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு. ஈரத் தொட்டி, கான்டாக்ட் லென்ஸ் டப்பா என்று தண்ணீர் கண்ட இடமெல்லாம் அதற்கு வீடு. கண்ணைக் கசக்கியதில் கருவிழியில் சின்னக் கீறல் விழுந்தால் போதும். உள்ளே இறங்கி, தான் சுரக்கும் நொதிகளால் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக்கூடும்.

எனக்கு அதில் தீராத வியப்பு, அதன் பம்புதான். மழை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால் மோட்டார் போட்டு இறைக்கிறோமே, அதே வேலை. உள்ளே நுழைந்த மருந்தைப் பிடித்து, கிருமியைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுகளையும் துளைத்து நிற்கும் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. மின்சாரத்துக்குப் பதில் புரோட்டான் ஓட்டம். இந்தப் பம்பை அளவோடு ஓடவிட ஒரு மரபணு இருக்கிறது. அது பழுதான கிருமியில் பம்பு ஓயாமல் ஓடும். அரைகுறையாக மருந்து விட்டால் மற்றவை செத்துப்போக, இந்த ரகம் மட்டும் தப்பிப் பெருகும். போதாததற்கு, மருந்தையே வெட்டிப்போடும் நொதிகளுக்கான மரபணுக்களைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கியும் கொள்ளும்.

அப்படி 'விம்', 'ஜெஸ்' என்ற இரண்டு நொதிகளையும் வைத்திருந்த ரகம் 2022-23இல் அமெரிக்காவில் 18 மாகாணங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். பலர் பயன்படுத்தியிருந்தது எஸ்ரிகேர் என்ற செயற்கைக் கண்ணீர். தயாரித்தது திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் இருக்கும் குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர். திறந்த பாட்டில்களில் கிருமி இருந்தது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளில் இல்லை. ஆனால் ஆலைக்கு வந்த அமெரிக்க ஆய்வாளர்கள் கிருமிநீக்க முறைகளில் குறைகளை எழுதிப் போனார்கள். பல நாள் திறந்து மூடும் பாட்டிலில் கிருமியைத் தடுக்கும் பதனப்பொருளே சேர்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வாசகருக்கு: கசக்காதீர்கள், கழுவுங்கள். வலியோ மங்கலோ கருவிழியில் வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அன்றே எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போங்கள். கருவிழியைச் சுரண்டி எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துத்தான் சொட்டு எழுதுவார்கள். அலமாரியில் மிச்சம் வைத்திருக்கும் பழைய பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.