வால் ஸ்ட்ரீட் பக்கத்தில் 2 ஏக்கர் கோதுமை

1982ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பங்குச்சந்தைக்குப் பேர்போன வால் ஸ்ட்ரீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பெண்மணி கோதுமை விதைத்தார். பெயர் ஆக்னஸ் டெனெஸ். ஹங்கேரியில் 1931இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். விவசாயி அல்ல, கலைஞர். பொது இடத்தில் வைக்க ஒரு சிற்பம் செய்து தரும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். கல்லும் வெண்கலமும் வேண்டாம், பயிரே சிற்பமாக நிற்கட்டும் என்று முடிவு செய்தார். பழம், சாக்லேட், அரிசி என்று உணவுப் பொருளை வைத்துக் கலை செய்கிறவர்கள் மேல்நாடுகளில் பலர் உண்டு. பெரும்பாலும் கடையில் வாங்கி வந்து காட்சிக்கு வைப்பார்கள். இவர் விதையிலிருந்து ஆரம்பித்தார்.

ஆற்றோரத்தைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டரி பார்க் என்ற மனைப்பகுதியில் 2 ஏக்கர் கிடைத்தது. பின்னால் 110 மாடி வர்த்தக மையக் கோபுரங்கள். எதிரே தண்ணீருக்கு அப்பால் சுதந்திர தேவி சிலை. நிலமோ கட்டட இடிபாடும், துருப்பிடித்த குழாயும், பழைய டயரும், கந்தல் துணியும் கொட்டிய மேடு. டிராக்டர் விட்டுச் சமன் செய்து, 80 லாரி மண் அடித்துப் பரப்பினார்கள். அத்தனை மண் அடித்தும் மேல்மண் ஓர் அங்குலம்தான். கோதுமை வேர் 3 அடிக்குக் கீழேயும் இறங்கக்கூடியது. இப்படி ஒரு நிலத்தில் விதைக்கச் சொல்லி எந்த வேளாண்மை அலுவலரும் சிபாரிசு செய்யமாட்டார்.

கல்லையும் குப்பையையும் பொறுக்கி, கையாலேயே 285 சால் எடுத்தார்கள். ஒரு சாலுக்கு 2 முதல் 3 மணி நேரம் பிடித்தது. விதையைக் கையால் போட்டு மண் அணைத்தார்கள். உதவியாளர்கள் இருவர், சம்பளமில்லாமல் வந்து போன தன்னார்வலர்கள் சிலர், அவ்வளவுதான் ஆள். பாசனத்துக்கு ஏற்பாடு செய்து, உரமிட்டு, களை எடுத்தார்கள். கரிப்பூட்டை கண்ட கதிர்களை அகற்றினார்கள், பூஞ்சாண நோய்க்கு மருந்து தெளித்தார்கள். கலைப்பொருள் என்பதற்காகப் பூஞ்சாணம் விட்டுவைக்குமா?

ஆகஸ்ட் 16ஆம் தேதி அறுவடை. விதைத்த 107ஆம் நாள். வசந்தத்தில் விதைக்கும் கோதுமைக்கு அது சரியான வயதுதான். மகசூல் 1,000 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 450 கிலோ. ஏக்கருக்கு இரண்டே கால் குவிண்டால். பஞ்சாப் விவசாயி ஏக்கருக்கு 20 குவிண்டாலை ஒட்டி எடுக்கிறார். லாரி வாடகையும் ஆள்கூலியும் போட்டுப் பார்த்தால் பெருநட்டம்.

ஆனால் டெனெஸ் போட்ட கணக்கு வேறு. அந்த நிலத்தின் அன்றைய மதிப்பு 450 கோடி டாலர் என்றார்கள். அதில் விளைந்தது நாலரைக் குவிண்டால் கோதுமை. உலகத்தில் பசி இருக்கும்போது எதற்கு எவ்வளவு விலை வைக்கிறோம் என்று கேட்கத்தான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். வேலைக்கு ‘கோதுமை வயல் – ஓர் எதிர்கொள்ளல்’ என்று பெயரும் வைத்தார். பைபாஸ் ஓரம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மனை போடக் கேட்டு வருகிறவர் சொல்லும் தொகைக்குப் பக்கத்தில், ஒரு போக நெல்லின் வருமானத்தை எழுதிப் பார்த்தவர்கள்தானே அவர்கள். எழுதிப் பார்த்த பிறகும் நாற்று விட்டவர்களும் உண்டு, கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது.

வைக்கோல் நியூயார்க் போலீஸ் குதிரைகளுக்குத் தீவனமானது. தானியம் உலகப் பசியைப் பற்றிய ஒரு கண்காட்சியோடு 28 நகரங்களுக்குப் போனது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விதை எடுத்துப் போய் அவரவர் ஊரில் விதைத்தார்கள். வயல் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள்.

2015இல் இத்தாலியின் மிலான் நகரில், உயரமான புதுக் கட்டடங்களுக்கு நடுவே 5 ஹெக்டேரில் டெனெஸின் கோதுமை வயல் மறுபடி உருவானது. அந்த முறை விதைக்கவும் அறுக்கவும் நகரத்து மக்களே இறங்கினார்கள்.